கள்ளச் சாவி

என் நாத்தனாரின் பேனா காகிதத்தில் மூன்று முறை வட்டம் போட்டதைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு என்று எனக்கு உறைத்தது. அதுவரை நான் நடுவர் மேசையில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அது சதுரங்கப் புதிர்ப் போட்டியின் கடைசிச் சுற்று. நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பலகை, ஒரு விடைத்தாள், ஒரு முகம். எதிராளி என்று யாரும் கிடையாது. கையில் கொடுத்த படத்தைப் பார்த்து, வெள்ளைக்காய் இரண்டே நகர்த்தலில் எதிரி ராஜாவை எப்படி மடக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். செய்து பார்த்தால் மண்டை காய்ந்துவிடும்.

இந்தப் போட்டியில் முதலாவதாக வருகிறவருக்கு வெளிநாடு போகும் அணியில் ஓர் இடம். மற்ற இடங்களெல்லாம் முன்பே நிரம்பிவிட்டன. அந்த ஒற்றை இடத்துக்காக என் நாத்தனார் பல வருடங்களாக முட்டி மோதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் மயிரிழையில் கைநழுவிப் போகும். ஒவ்வொரு வருடமும் வீட்டுக்கு வந்து, "பரவாயில்லண்ணி" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பாள்.

வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பொடிசு'. என் கணவரின் தங்கை. ஆள் என்னவோ என்னைவிட ஒரு முழம் உயரம். தண்ணீர் வாரிய அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. குழாயில் காற்றுதான் வருகிறது, வருகிற தண்ணீரும் நாறுகிறது, நேற்று சொன்னோமே இன்னும் ஏன் ஆள் வரவில்லை என்று காலையிலிருந்து மாலை வரை காதில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவளிடம் எதற்கும் பதில் இருக்காது. "பதிவு பண்ணிக்கிட்டேங்க" என்பதுதான் அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வாக்கியம். அதனால்தான் புதிர் என்றால் அவளுக்கு உயிர். "இதுல மட்டும்தான் அண்ணி, கேள்வின்னு ஒண்ணு இருந்தா பதில்னு ஒண்ணு கட்டாயம் இருக்கு" என்பாள்.

நான் அதற்கு நேர் எதிர். எனக்குப் புதிர் விடுவிக்கத் தெரியாது, கட்டத்தான் தெரியும். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறேன். மாலையில் சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்து, காய்களை அங்கே இங்கே நகர்த்தி ஒரு புதிரைக் கட்டி எழுப்புவேன். கட்டியதும் அவளிடம்தான் போகும். அவள் உடைப்பாள்.

உடைப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல புதிருக்கு முதல் நகர்த்தல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதை நாங்கள் சாவி என்போம். கட்டியவர் நினைக்காத வேறொரு நகர்த்தலாலும் பூட்டு திறந்துகொண்டால் அது கள்ளச் சாவி. கள்ளச் சாவி இருக்கிற புதிர் செத்த புதிர். எத்தனை அழகாக இருந்தாலும் குப்பைக்கூடைதான். என் புதிர்களில் பாதியை அவள் காபி ஆறுவதற்குள் சாகடித்திருக்கிறாள். தலையைக்கூடத் தூக்காமல், "அண்ணி, செத்துப்போச்சு" என்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் அவள் கைக்குத் தப்பிய புதிரை உலகத்தில் யாராலும் உடைக்க முடிந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த முறை புதிர் கட்டித் தரும்படி போட்டிக்காரர்கள் என்னிடமும் கேட்டார்கள். தலைமை நடுவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் அடிஸ்கேல். பேச்சு, நடை, மீசை எல்லாம் அளந்து வைத்த மாதிரி இருக்கும்.

"உங்க நாத்தனார் கலந்துக்கிறாங்கன்னு தெரியும்" என்றார். "நாலஞ்சு பேர்கிட்ட புதிர் வாங்கறோம். அதுல எது கடைசிச் சுற்றுக்கு வரும்னு குலுக்கல்லதான் தெரியும். யார் கட்டினதுன்னும் சொல்ல மாட்டோம். ஆனா வீட்டுல மூச்சு விடக் கூடாதும்மா."

"மூச்சு விட மாட்டேன் சார்."

"சத்தியமா?"

"எங்க மாமியார் மேல சத்தியமா."

அவர் சிரிக்கவில்லை. அளவு தவறிவிடும் என்று பயமோ என்னவோ.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். வாரக்கணக்காக வீட்டில் சதுரங்கம் என்ற பேச்சே இல்லை. என் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசினாலும் எனக்குப் பயமா இருக்கு, பேசாட்டியும் பயமா இருக்கு" என்றார். அவள் கண்ணில் படாமல் கடையின் பின்னறையில் உட்கார்ந்துதான் அந்தப் புதிரைக் கட்டினேன். அதில் ஒரு பொறி வைத்திருந்தேன். மூலையில் நிற்கும் யானையை நடுவரிசைக்கு நகர்த்தினால் எல்லாம் முடிந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் கறுப்பு பிஷப் எங்கிருந்தோ குறுக்கே பாய்ந்து வெள்ளை ராஜாவுக்கு செக் சொல்லும், ஆட்டம் கெட்டுவிடும். அசல் சாவி வேறு, ஒரு குதிரையின் அடக்கமான நகர்த்தல். கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒரே சாவி என்றது. எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

குலுக்கலில் என் புதிரே வந்தது. அன்று காலையில்தான் தெரியும். புதிர் தந்தவர்களுக்கு நடுவர் மேசையில் இடம் போட்டிருந்தார்கள். புதிரைப் படமாக அச்சடித்து எல்லார் மேசையிலும் கவிழ்த்து வைத்தார்கள். என் விடை எழுதிய கவர் அரக்கு முத்திரையோடு அடிஸ்கேல் முன்னால் இருந்தது. அதில் உள்ள சாவி எவர் தாளில் இருக்கிறதோ அவருக்கு முழு மதிப்பெண். இல்லாவிட்டால் முட்டை. நடுவில் ஒன்றும் கிடையாது.

அதுவரை நடந்த சுற்றுகளில் ஒரு பல் டாக்டர் முன்னால் இருந்தார். பொடிசு அவருக்கு ஒரு மூச்சு பின்னால். இந்தக் கடைசிப் புதிரை இவள் விடுவித்து அவர் கோட்டைவிட்டால் இடம் இவளுக்கு. இரண்டு பேரும் விடுவித்தாலும் அவருக்கு. புதிரே இல்லையென்றாலும் அவருக்குத்தான்.

மணி அடித்ததும் தாள்கள் திரும்பின. பொடிசு முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே. படத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காய்களைத் தொடவே இல்லை. சட்டென்று பேனாவை எடுத்தாள்.

அவள் எழுத்து கடைப் பலகை எழுத்து மாதிரி பெரிது. தாள் எனக்குத் தெரியவில்லை, ஆனால் பேனாவின் முனை தெரிந்தது. ஒரு வட்டம். ஒரு சின்னக் கோடு. ஒரு வட்டம். ஒரு கோடு. இன்னொரு வட்டம்.

சதுரங்கத்தில் அப்படி எழுதுகிற நகர்த்தல் ஒன்றே ஒன்றுதான். கோட்டை கட்டுவது. ராஜாவும் யானையும் ஒரே நேரத்தில் இடம் மாறுகிற அந்த நகர்த்தலுக்கு மட்டும்தான் பூஜ்யம் போட்டு எழுதுவோம். நீளமான பக்கம் கட்டினால் மூன்று பூஜ்யம்.

அசடு, இந்தப் புதிரில் கோட்டை ஏது என்று முதலில் அவள் மேல்தான் எரிச்சல் வந்தது. பிறகு படத்தைப் பார்த்தேன். வெள்ளை ராஜா தன் சொந்தக் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தான். மூலையில் யானை. நடுவில் காலி.

நான் முதலில் கட்டியபோது ராஜா அந்தக் கட்டத்தில் இல்லை. ஓரத்தில் ஒரு சிப்பாய் இடிக்கிறது என்று கடைசி நேரத்தில் எல்லாக் காய்களையும் ஒரு வரிசை தள்ளி வைத்தேன். அந்தத் தள்ளலில் ராஜா தன் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டான். ராஜாவும் யானையும் சொந்தக் கட்டத்தில் நின்றால் இரண்டும் இதுவரை அசையவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், கோட்டை கட்டலாம் என்பது புதிர்க்காரர்களின் வழக்கம். கணினிக்கு அந்த வழக்கம் தெரியாது. கோட்டை உண்டு என்று நாம்தான் ஒரு கட்டத்தில் குறி போட்டுச் சொல்ல வேண்டும். நான் போடவில்லை. எப்போதுமே எனக்கு இது மறந்துபோகும். சாப்பாட்டு மேசையில் என் புதிரைக் கையில் வாங்கியதும் பொடிசு கேட்கிற முதல் கேள்வியே, "ராஜா வீட்ல இருக்கானா அண்ணி?" என்பதுதான். இந்த முறை கேட்க ஆள் இல்லை. மூச்சு விடக்கூடாது என்று நான்தான் சத்தியம் செய்து தொலைத்திருந்தேனே.

சட்டைப்பை அளவில் ஒரு பலகை எப்போதும் என் கைப்பையில் இருக்கும். மேசைக்குக் கீழே மடியில் வைத்துக் காய்களை அடுக்கினேன். அவசரத்தில் ஒரு பிஷப் தரையில் விழுந்து உருண்டது. அடிஸ்கேல் திரும்பிப் பார்த்தார். நான் செருமிக்கொண்டு குனிந்து எடுத்தேன். கோட்டை கட்டிப் பார்த்தேன். யானை நடுவரிசைக்கு வந்துவிட்டது. என் பொறியைக் காப்பாற்ற வேண்டிய அந்தக் கறுப்பு பிஷப் பாய்ந்து செக் சொல்லப் போனால், ராஜா அங்கே இல்லை. கோட்டைக்குள் போய்விட்டான். கறுப்பின் மற்ற பதில்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மடக்கு. ஒன்றாவது தப்பிக்காதா, ஒன்றாவது தப்பிக்காதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தப்பிக்கவில்லை. என் புதிர் செத்துக் கிடந்தது.

பொடிசு எழுதியது சரி. ஆனால் கவரில் இருப்பது குதிரை. அவளுக்கு முட்டை விழும்.

என்ன செய்வது? சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. என் பெயரும் கெடாது. அவள் மட்டும் சரியான விடை எழுதித் தோற்றுப்போவாள். பிறகு ஆட்சேபணை போடலாம், ஆனால் கவர் திறந்த பிறகு எழுதுகிற ஆட்சேபணையை அடிஸ்கேல் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. எழுந்து சொன்னால்? கட்டியது அண்ணி, அந்த விடையை எழுதியது நாத்தனார். வீட்டில் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று ஊரே சொல்லும். நானே வெளியில் நின்று பார்த்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒரு வழி இருந்தது. முன்பு ஒரு போட்டியில் இப்படி ஆனபோது, இரண்டு சாவியில் எதை எழுதியிருந்தாலும் மதிப்பெண் என்று அறிவித்தார்கள். கவரைத் திறப்பதற்கு முன்னால், தாள்களை வாங்குவதற்கு முன்னால், யார் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாத மாதிரி சொல்லிவிட்டால்? கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் முடியப்போகிறது. நான் பொடிசைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று குனிந்தே இருந்தேன்.

மணி அடித்தது. எழுந்தேன்.

"சார், இந்தப் புதிர்ல கள்ளச் சாவி இருக்கு."

அடிஸ்கேல் என்னை மேலும் கீழும் அளந்தார்.

"உங்க புதிர்தானேம்மா?"

"ஆமா சார். என் புதிர்தான். கோட்டை கட்டினாலும் மடக்கு வருது. நான் கவனிக்கல. தப்பு என்னுது."

"இப்ப எப்படிக் கவனிச்சீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேனே சார். போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் பெரிய பலகையில் காய்களை வைத்தார். கோட்டை கட்டினார். ஒவ்வொரு பதிலாகச் சோதித்தார். எனக்கு அது ஒரு யுகம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரிதான். இருக்கு."

"ரெண்டுல எத எழுதியிருந்தாலும் மார்க் குடுத்துடலாம் சார். முன்ன ஒரு தடவ அப்படித்தான் செஞ்சாங்க" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அவர் என்னையும் முன்வரிசையையும் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது.

"வேண்டாம்மா. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது. உங்களையும் சரி, அவங்களையும் சரி. புதிர் ரத்து. இதுக்கு முந்தின சுற்றோட கணக்குதான் முடிவு."

பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். முதலில் டாக்டருக்கு என்று நினைத்தேன். எனக்காம். தானே முன்வந்து தப்பை ஒப்புக்கொண்டேனாம். ஒரு பெரியவர் வந்து, "உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான்மா..." என்று ஆரம்பித்தார். நான் அவரைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு வெளியே ஓடினேன்.

பொடிசு தாழ்வாரத்தில் குடிதண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தாள். ரத்தான விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவளுடையது கையில் மடித்தபடி இருந்தது.

"மன்னிச்சிடு பொடிசு. நீ பூஜ்யம் போட்டத பாத்தேன். உனக்கு முட்டை விழுந்துடுமேன்னு பதறிப்போய்தான்... ரெண்டு சாவியையும் ஏத்துப்பாங்கன்னு நெனச்சேன். ரத்து பண்ணுவாருன்னு நெனக்கவே இல்ல."

அவள் தாளை நீட்டினாள். பிரித்தேன். மேலே மூன்று பூஜ்யம் இருந்தது. அதன் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு, அடித்துவிட்டிருந்தாள். கீழே அவளுடைய பெரிய எழுத்தில் என் குதிரை. அதற்குக் கறுப்பின் எல்லாப் பதில்களும், ஒவ்வொன்றுக்கும் மடக்கும். கவரில் நான் எழுதி வைத்ததை அப்படியே பார்த்து எழுதிய மாதிரி.

"மொதல்ல கோட்டைதான் கண்ணுல பட்டுச்சு" என்றாள். "எழுதிட்டேன். எழுதின பிறகு தோணுச்சு, கடைசிப் புதிர இவ்வளவு லேசா வைப்பாங்களான்னு. அப்பதான் அந்த யானைப் பொறியப் பாத்தேன். அது உங்க கை. உங்களுக்குக் கோட்டை எப்பவும் மறந்துடும். அப்ப கவர்ல வேற ஒண்ணு இருக்கணும்னு தேட ஆரம்பிச்சேன். கடைசி நிமிஷத்துலதான் கெடைச்சுது."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னை 'நீ' என்றுதான் பேசியிருக்கிறாள். 'உங்க' என்று கேட்டதும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"கவர்ல இருந்தது இதானே?"

"இதுதான்."

"டாக்டர் என்ன எழுதியிருந்தாராம்?"

வாசலில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டிருந்தேன். "யானை. பொறியில விழுந்துட்டார்."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் நான் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

"அப்ப நீங்க சும்மா உக்காந்திருந்தாலே போதும்."

"எனக்கு எப்படிடீ தெரியும்? அதுக்கப்புறம் நான் உன் பக்கமே பாக்கலையே!"

"பாக்க வேணாம். நெனச்சிருக்கலாம். கள்ளச் சாவிய நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சுது. நெஜச் சாவிய நான் பாப்பேன்னு மட்டும் உங்களுக்குத் தோணல. இத்தன வருஷமா தெனமும் யாரோட புதிர நான் உடைச்சிட்டிருக்கேன்?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று துடித்த எனக்கு, அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது. குழாயை மூடாமல் விட்டிருந்தாள் போல, தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான் மூடினேன்.

பேருந்தில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்காரலாமா என்று தயங்கியபோது கைப்பையை எடுத்து இடம் விட்டாள். அதுதான் அவள் செய்த ஒரே காரியம். வழி நெடுக நான் வாயைத் திறக்கிறதும் மூடுகிறதுமாக வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்த என் கணவர் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டுத் தங்கையிடம் கேட்டார். "என்னாச்சு? கெடைச்சுதா?"

"இல்லண்ணா. கடைசிப் புதிர்ல தப்பு இருந்துச்சு, ரத்து பண்ணிட்டாங்க." செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தாள். "அண்ணி கட்டின புதிர்தான். அவங்களே எழுந்து சொல்லிட்டாங்க. ஒறவுன்னு பாக்காம நியாயமா நடந்துக்கிட்டாங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

என் கணவரின் முகம் மலர்ந்தது. தங்கை தோற்ற வருத்தத்துக்கு நடுவிலும் என் தோளைத் தட்டி, "உன்னால மட்டும்தான் இப்படி முடியும்" என்றார்.

நியாயமாவது மண்ணாவது, இவளுக்கு முட்டை விழக்கூடாது என்றுதான் எழுந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.